கிடைக்குப் போன மச்சான்: செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்டுக்காரப் பாட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், காளையார்கோயில் வட்டாரத்தில் களையெடுப்பிலும் நடவிலும் கும்மியிலும் பாடிய பாட்டுகளில் ஒரு வகை உண்டு. கிடை போட, அதாவது எருவுக்காக ராத்திரியில் அடுத்தவர் வயலில் ஆட்டை அடைக்க, ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்ட ஒருவனைப் பார்த்துப் பாடுகிற பாட்டுகள் அவை. அவற்றைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பாடியவர்களின் வரிகளை எடுத்துப் போடவில்லை, அவை அவர்கள் சொத்து. மெட்டும் கட்டும் காட்ட வேண்டிய இடத்தில் நானே கட்டிய ஈரடிகளைத் தந்திருக்கிறேன். அவற்றைப் பழம்பாட்டு என்று யாரும் எடுத்து ஆள வேண்டாம்.

செட்டிநாடு என்றால் பெரிய வீடும் ஆச்சி சமையலும்தானே? ஆட்டுக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்?

வந்தவர்கள் இல்லை, இருந்தவர்கள். இரண்டு தெரு நீளத்துக்கு நிற்கும் வீடுகளைத் தாண்டினால் செம்பூராங்கல் பொட்டல்தான். விருசுழியாறும் மணிமுத்தாறும் பாம்பாறும் மழைக்கு ஓடி வெயிலுக்குக் காய்பவை. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க்கும் ஊருணிக்கும் என்ன வந்ததோ அதுதான் வருசத்துக்கே தண்ணீர். இந்த மண்ணில் நெல்லை நம்பியவனைவிட ஆட்டை நம்பியவன் நின்று பிழைத்தான். ராமநாதபுரம் வெள்ளை என்கிற செம்மறி இந்த வறட்சிக்குப் பழகிய இனம். மாட்டில் புலிக்குளம் அப்படி. சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் திமிலைச் சிலுப்பிக்கொண்டு ஓடும் புலிக்குளம் காளையைக் கைதட்டிப் பார்க்கிறோம். அந்த இனத்துப் பசுக்கள் ஊர் ஊராக வயலில் எருவுக்குக் கிடை கிடப்பவை என்பது பார்க்க வருகிற பலருக்குத் தெரியாது.

பெரிய வீட்டுக்குக் காலையில் பால் ஊற்றியவர்களும் இதே ஆட்டுக்கார, மாட்டுக்காரக் குடும்பத்துப் பெண்கள்தான். ஆக, செட்டிநாட்டுப் பாட்டு என்று தாலாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இவர்களை விட்டுவிட்டால் பாதிதான் கையில் இருக்கும்.

கீதாரி என்பவர் யார்? கிடை எப்படிப் போடுகிறார்கள்?

பலருடைய ஆடுகளை ஒரே மந்தையாகச் சேர்த்து, கூட வரும் ஆட்களுக்குப் பொறுப்பேற்று, எந்த வயலில் எத்தனை ராத்திரி என்று பேசி முடிக்கிற தலைவர்தான் கீதாரி. அது பதவி. பெரும்பாலும் கோனார் வீடுகளில் இருக்கும்.

தை, மாசியில் காவிரிப் பாசனப் பக்கம் சம்பா அறுவடை முடியும். தாள் நிற்கும், வரப்பில் புல் இருக்கும், வயல்காரருக்கு எரு வேண்டும். நம்மூரில் அதே நேரம் கண்மாய் வற்றிக்கொண்டு வரும். மந்தை கிளம்பும். அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி என்று மேய்த்துக்கொண்டே போவார்கள். பகலெல்லாம் மேய்ச்சல், பொழுது சாய்ந்தால் பேசிவைத்த வயலில் ஆட்டை அடைத்து ராத்திரி முழுக்கக் காவல். புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு. கூலி பணமாகவோ நெல்லாகவோ கீதாரிக்கு. மறுநாள் அடுத்த வயல். 'ஆட்டெரு அவ்வருசம், மாட்டெரு மறுவருசம்' என்கிற பழமொழி சொல்வது இந்த எருவைத்தான். போட்ட வெள்ளாமையிலேயே பலன் தெரியும்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். தண்ணீர் கடைமடைக்கு வந்து வயலில் நாற்று இறங்கினால் ஆட்டுக்கு அங்கே இடமில்லை. ஆடி, ஆவணியில் மந்தை ஊர் திரும்பும். இந்த மாதக்கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பதில்களில் பாதிக்கு இதுதான் அடித்தளம்.

கீதாரி குடும்பங்களில் பெண்களும் கூடவே போவார்களே? பிறகு யார் பிரிந்திருக்கிறார்கள்?

நல்ல கேள்வி. கல்யாணமான பெண்கள் பலர் கைக்குழந்தையும் சட்டிபானையுமாக மந்தையோடு போனார்கள். வயல்காட்டில் கூடாரம் போட்டுப் பொங்கினார்கள், இளங்குட்டிகளைப் பார்த்துக்கொண்டார்கள், ஒரு குடும்பத்தையே நடந்துகொண்டு நடத்தினார்கள். வீட்டில் தங்கியவர்கள் வயசானவர்கள், நிறைமாதக்காரிகள், அப்புறம் கல்யாணம் ஆகாத பெண்கள்.

இதைக் கவனித்தால் பாட்டுகளின் முகமே மாறிவிடும். 'கணவனைப் பிரிந்த மனைவியின் புலம்பல்' என்று பாடப்புத்தகங்கள் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகின்றன. நான் கேட்டவரை இந்தப் பாட்டுகளில் பேசுகிறவள் பெரும்பாலும் மனைவி இல்லை. முறைப்பெண். அத்தை மகனையோ மாமன் மகனையோ பார்த்து 'மச்சான்' என்கிறாள். உரிமை உண்டு, உறுதி இல்லை. கழுத்தில் எதுவும் ஏறவில்லை, அதனால் கூடப் போக முடியாது. கூடப் போக முடிந்தவளுக்கு இந்தப் பாட்டுக்கான தேவையே இல்லை.

இந்தப் பாட்டுகளில் காதல் ஏன் எப்போதும் தோற்கிறது? அவன் ஏமாற்றிவிட்டானா?

ஏமாற்றுகிறவன் வருகிற பாட்டுகள் வேறு. அங்கே ரயில் வரும், பட்டாளம் வரும், கொழும்பு வரும். ஆட்டுக்காரன் பாட்டில் யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. ஆனாலும் கைநழுவிப் போகிறது. ஏன் என்று எனக்குப் பல காலம் பிடிபடவில்லை. மேலே சொன்ன மேய்ச்சல் மாதங்களுக்குப் பக்கத்தில் கல்யாண மாதங்களை எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று பெண் பார்க்கத் தொடங்குவார்கள். களத்து நெல் வீட்டுக்கு வந்திருக்கும், கையில் காசு புழங்கும். பங்குனி, சித்திரை, வைகாசி என்று முகூர்த்தம் வரிசையாக வரும். அந்த மாதங்கள் முழுக்க அவன் மன்னார்குடிப் பக்கம் யாரோ ஒருவர் வயலில் ஆட்டைச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறான். பெண் கேட்டு ஆள் வரும்போது 'முறைக்காரன் இருக்கான்' என்று சொல்ல ஒருத்தன் ஊரில் இருக்க வேண்டும். இருக்க மாட்டான். ஆள் விட்டுச் சொல்லலாம் என்றால் இன்றைக்கு எந்த வயலில் கிடை என்று யாருக்குத் தெரியும்? மாமன் வீட்டார் மனசில் வேறு கணக்கும் ஓடும். வருசத்தில் பாதி நாள் வீடு தங்காதவனுக்குக் கொடுத்து என் பிள்ளை வயல்காட்டில் பொங்க வேண்டுமா?

அவன் திரும்புவது ஆடியில். ஆடியில் நம்மூரில் கல்யாணம் கிடையாது. அது மட்டுமா? புதுசாகக் கல்யாணமான பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். மந்தை ஊருக்குள் நுழைகிற அதே மாதத்தில், புதுத்தாலியோடு அவள் ஆத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள்! இதைவிடக் கொடுமையாக ஒரு சந்திப்பை எந்தக் கதைக்காரனாலும் அமைக்க முடியாது. பஞ்சாங்கம் அமைத்துக் கொடுத்துவிட்டது.

என்னைக் கேட்டால் இந்தப் பாட்டுகளின் உயிரே இதுதான். இங்கே காதலைப் பிரிப்பது மனிதர்களின் கெட்ட குணம் இல்லை, பருவம். அதனால்தான் இவற்றில் சாபம் குறைவு. யாரைச் சபிப்பது? சம்பாவையா, மேட்டூரையா? வானத்தைப் பார்த்து, கண்மாயைப் பார்த்து, ஆட்டைப் பார்த்துத்தான் பேச முடியும்.

தனிமையை எப்படிச் சொல்கிறார்கள்? நான் கேட்ட பாட்டில் அழுகையே இல்லையே?

இருக்காது. சோறு இருக்கும், தண்ணீர் இருக்கும். கஞ்சியில் உப்புப் போட யார் இருக்கிறார்கள், கம்பளி கிழிந்ததே தைத்தாயா, முள் குத்திய காலுக்கு எண்ணெய் வைத்தாயா, எந்தக் குளத்தில் குளித்தாய், உப்புத் தண்ணியா நல்ல தண்ணியா என்று கேள்வி கேள்வியாகப் போகும். கேட்பவள் கண் கலங்கவே மாட்டாள். கேள்விகளுக்குப் பதில் சொல்ல எதிரே ஆள் இல்லை என்பது மெதுவாகத்தான் உறைக்கும். அதுவும் பாட்டு முடிந்து அடுத்தவள் எடுக்கிற இடைவெளியில்.

இன்னொரு வழி, ஊர்ப்பெயர்களை அடுக்குவது. அவள் போகாத ஊர்கள். அறந்தாங்கி தாண்டி அவளுக்கு எதுவும் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு பெயராகச் சொல்லி அவனோடு நடக்கிறாள். சில பாடகிகளிடம் ஊர் வரிசை குழம்பியிருக்கும், பட்டுக்கோட்டைக்கு அப்புறம் பேராவூரணி வரும். திருத்திவிடாதீர்கள் என்று பதிவு செய்ய வருகிற பிள்ளைகளிடம் சொல்வேன். வழி தெரியாமல் சொன்னதுதானே அந்த வரிசைக்கு அழகு.

ஆட்டுக்குட்டி வழியாகச் சொல்வது மூன்றாவது. வீட்டில் விட்டுப்போன நொண்டிக்குட்டி, தாயைத் தேடிக் கத்துகிற குட்டி, வேறு ஆடு ஊட்டாமல் உதைத்துத் தள்ளிய குட்டி. தன்னைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. மாமியாக வரப்போகிறவள் பக்கத்தில் குனிந்து களையெடுத்துக்கொண்டிருக்கும்போது வேறெப்படிப் பாடுவது?

ஆண்கள் பாடவே மாட்டார்களா?

பாடுவார்கள். ஆனால் நாம் எதிர்பார்க்கிற பாட்டு இல்லை. ராத்திரிக் காவலில் பாட்டு தூக்கத்தை விரட்ட. நரி வந்தால், திருடன் வந்தால் ஆள் முழித்திருக்கிறான் என்று தெரிய வேண்டும். அதனால் குரல் உயர்த்தி, அடுத்த வயல் கிடைக்காரனுக்குக் கேட்கிற மாதிரி, கேலியும் கெட்ட வார்த்தையும் கலந்து எதிர்ப்பாட்டாகப் போகும். இவன் அவன் மாமன் மகளை இழுப்பான், அவன் இவன் அத்தையை இழுப்பான். அச்சில் வருவதற்குள் இவை பெரும்பாலும் சலித்து எடுக்கப்பட்டுவிடும்.

விடியற்காலையில் வேறு குரல் வரும் என்று சொல்வார்கள். மந்தை எழுந்திருக்கும் முன்பு, பனி இறங்கும் நேரத்தில், ஆட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுகிற மாதிரி ஒரு இழுவை. அதில் பெண் பெயர் வராது. ஆட்டுக்கு வைத்த பெயரே அவள் பெயராக இருந்தால் தவிர.

இதில் அழகுபடுத்த எனக்கு விருப்பமில்லாத ஒரு பக்கமும் உண்டு. மந்தையோடு போன எல்லோரும் மீசை முறுக்கிய மச்சான்கள் இல்லை. கடனுக்காக வீட்டார் ஒப்படைத்துவிட்ட சிறுவர்கள் பலர். தஞ்சை, திருவாரூர்ப் பக்கம் ஆடு மேய்க்க, வாத்து மேய்க்க அடகு வைக்கப்பட்ட பிள்ளைகளை அதிகாரிகள் மீட்ட செய்திகள் சமீப ஆண்டுகளில்கூட வந்திருக்கின்றன. பத்து வயசுப் பையனின் தனிமைக்குப் பாட்டு இல்லை. யாரும் அவனுக்காகக் களத்தில் நின்று பாடவில்லை. 'மேய்ப்பர் வாழ்வின் இனிமை' என்று தலைப்பு வைத்து எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இது சங்க இலக்கியத்து முல்லைத் திணையின் தொடர்ச்சியா?

எல்லோரும் உடனே 'ஆமாம்' என்பார்கள். காடு, ஆடு, காத்திருத்தல் எல்லாம் ஒத்துப்போகிறதே! ஆனால் ஒன்றைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும். முல்லைப் பாட்டுகளில் வெளியூர் போகிறவன் ஆட்டிடையன் இல்லை. போருக்கோ வினைக்கோ போன தலைவன்தான் திரும்பாதவன். இடையன் தினமும் ஊருக்குள் வந்து போகிறவன்.

குறுந்தொகை 221-ஆம் பாட்டைப் பாருங்கள். அவர் வரவில்லை, முல்லையும் பூத்துவிட்டது என்கிறாள் தலைவி. கார்காலம் வந்துவிட்டதை அவளுக்குக் காட்டிக்கொடுப்பவன் 'பாலொடு வந்து கூழொடு பெயரும் ஆடுடை இடைமகன்'. மற்றவர்கள் மழைக்கு ஓலைப் பறியைப் பிடித்துக்கொண்டு மந்தையோடு தங்க, இவன் பாலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கூழை வாங்கிப் போகிறான். அவன் தலையில் சூடிய முல்லை மொட்டைப் பார்த்து இவள் நோகிறாள். முல்லைப்பாட்டிலும் இப்படித்தான். 103 அடிகளில் ஒரு சிறு மூலையில், தாயைக் காணாமல் தவிக்கும் கன்றைப் பார்த்து ஒரு ஆய்ச்சிப் பெண் குளிரில் கைகளைத் தோளில் கட்டிக்கொண்டு, 'கோவலர் ஓட்டிவர உன் தாயர் இப்போதே வந்துவிடுவார்கள்' என்கிறாள். அந்தப் பேச்சையே நல்ல நிமித்தமாக எடுத்துக்கொண்டு அரண்மனைப் பெண்ணைத் தேற்றுகிறார்கள். மாடு வரும், கோவலர் வருவார். வராதவன் அரசன்.

நம் பக்கத்துப் பாட்டுகளில் அந்த ஆய்ச்சிப் பெண்ணே பாடுகிறாள், கோவலனே வரவில்லை. ஆறுதலுக்கு உவமையாக நின்ற ஆளே தொலைந்துபோனால் எதைச் சொல்லித் தேற்றுவது? அதனால் திணை வாய்பாட்டுக்குள் இவற்றை அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நிலம் முல்லை, கோடை வெயிலில் நடந்த வழி பாலை, போய்ச் சேர்ந்த வயல் மருதம். மூன்று திணையை மிதித்துப் போகிறவனை ஒன்றில் நிறுத்த வேண்டாம்.

நற்றிணை 142 ஒன்றுதான் எனக்கு மிக நெருக்கமாகத் தெரிகிறது. மழைத்தூறல் ஒரு பக்கம் நனைக்க, கோலை ஊன்றித் தனியாக நிற்கிறான் இடையன். உதட்டை மடித்து அவன் அடிக்கும் சீழ்க்கைக்கு மந்தை அப்படியே நின்றுவிடுகிறது. அவனை அந்தப் பாட்டு ஒரு வழிக்காட்சியாகக் கடந்து போகிறது. அவனுக்கு வீடு இருக்கிறதா, யாராவது காத்திருக்கிறார்களா என்று கேட்கவில்லை.

ஆட்டுக்காரன் கையில் புல்லாங்குழல்?

கண்ணனுக்கும் சினிமாவுக்கும் அது சரி. கீதாரி கையில் தொரட்டி இருக்கும், தோளில் கம்பளி இருக்கும், வாயில் சீழ்க்கை இருக்கும். கருவேலமரத்து நெத்தை உலுக்கவும் கிளையை வளைக்கவும் இரண்டு கையும் வேண்டும்.

பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கும்? ஒரு எடுத்துக்காட்டு?

ஈரடிக் கண்ணிகள். இரண்டு அடியின் முதல் சொல்லிலும் எதுகை விழும். முதலடி கண்ணில் படுகிற ஒன்றைச் சொல்லும், இரண்டாமடி மனசில் இருப்பதைச் சொல்லும். இடையில் 'தன்னானே'வோ 'ஏலேலோ'வோ போட்டு மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். தெம்மாங்கு மெட்டில் ஒருத்தி இழுத்துப் பாடினால் இறக்கத்தை எல்லோரும் சேர்ந்து பிடிப்பார்கள். கருவி கிடையாது. நாற்று முடிச்சு தண்ணீரில் விழும் சத்தமே தாளம்.

நான் கட்டியது ஒன்று, புறப்பாட்டுக்கு:

சம்பா அறுத்த வயல் கிடைபோடப் போற மச்சான்
வம்பா ஒரு தாலி வாரதுக்குள்ள வந்துருங்க

ஆடிக்கு ஒன்று:

ஆடிக்கு அழைச்சாக ஆத்தா வீட்டுத் திண்ணையில
தேடிவந்து நிக்காதீக தெருவெல்லாம் கண்ணிருக்கு

வரிசை நிலையானது இல்லை. பாடுகிறவள் ஞாபகத்துக்கு வந்த கண்ணியை எடுப்பாள். நேற்றுப் பாடிய பாட்டு இன்றைக்கு வேறு கதையாக முடியும். பதிவில் 'முழுப்பாட்டு' கேட்டு நச்சரிக்கிறவர்களுக்கு இதனால்தான் ஏமாற்றம்.

பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன செட்டியார் வீட்டுப் பாட்டுகளும் இதே துக்கம்தானே?

ஒரே ஊரின் இரண்டு துக்கங்கள். நகரத்தார் என்கிற இந்தச் செட்டியார் வீட்டு ஆண்கள் ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று வட்டித்தொழிலுக்குப் போனார்கள். கடையில் முதலாளிக்காக வேலை பார்க்கப் போகிறவருக்கு மூன்று வருசக் கணக்கு. பிள்ளை பிறந்த சேதி கடிதத்தில் போகும், அப்பச்சி (அப்பா) முகத்தைப் பார்ப்பதற்குள் பிள்ளை நடை பழகியிருக்கும். ஆனால் அங்கே தவணை உண்டு, கடிதம் உண்டு, பணம் வரும், பெரிய வீடு எழும்பும். அதனால் பிரிவு பெருமைக்குள் ஒளிந்துகொள்ளும். தாலாட்டில் அப்பச்சி கொண்டுவரப் போகும் வைரமும் பட்டும் தேக்கும் அடுக்கடுக்காக வரும். பட்டியல் நீளமாக ஆக ஆக ஆச்சிக்கு எத்தனை ராத்திரி தூக்கமில்லை என்பது புரியும். 1942-இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்தபோது பெருமைக்கும் இடமில்லாமல் போயிற்று. காட்டு வழியாக நடந்தே வந்தவர்கள் உண்டு, வழியிலேயே போனவர்களும் உண்டு.

ஆட்டுக்காரன் வீட்டில் இந்த மூடுதுணி எதுவும் இல்லை. அவன் கொண்டுவந்தால் நாலு மரக்கால் நெல், இரண்டு குட்டி. அதைப் பட்டியலாகப் பாட முடியாது. இன்னொரு வித்தியாசம், செட்டியார் வீட்டுப் பாட்டில் பேசுகிறவள் மனைவி, கேட்கிறது பிள்ளை. ஆட்டுக்காரன் பாட்டில் கேட்க ஒரு பிள்ளைகூட இல்லை.

நெற்குப்பையில் பிறந்த தமிழறிஞர் தமிழண்ணல் போன்றவர்கள் இந்தப் பக்கத்துத் தாலாட்டைக் கவனித்து எழுதியதால் அது வெளியே தெரிந்தது. பொட்டலில் பாடியதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஒப்பாரியிலும் கீதாரி வருவாரா?

வருவார். வழியில் பாம்பு தீண்டியோ இடி விழுந்தோ போனவருக்கு வைக்கும் ஒப்பாரியில் ஆடு முன்னால் வந்து சேரும், ஆள் வரமாட்டார். மேய்த்தவர் இல்லாமல் மந்தை எப்படி வழி கண்டது என்று ஆட்டைக் கேட்பார்கள். இதற்கு மேல் இங்கே விரித்து எழுத எனக்கு மனமில்லை. ஒப்பாரியை நல்ல வீட்டுக்குள் எடுக்க மாட்டார்கள், நீங்களோ வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிறவர்களாக இருப்பீர்கள்.

இடைக்காடர் பாட்டை இதில் சேர்க்கலாமா?

மானாமதுரைப் பக்கம் இடைக்காட்டூர்தான் அவர் ஊர் என்று நம்புகிறார்கள். 'தாண்டவக்கோனே' என்று இடையனை விளித்துப் பாடிய சித்தர். ஆனால் அவர் ஆடும் மாடும் பாலும் உடம்பையும் உயிரையும் பற்றியவை. வடிவம் மந்தையில் பிறந்தது, பொருள் வேறு. மேய்ச்சல்காரர்களிடம் அவர் பாட்டு புழங்குவதால் கலந்து கேட்கும், பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போதும் மந்தைகள் போகின்றனவா? பாட்டு ஏன் நின்றுவிட்டது?

போகின்றன. பங்குனி வெயிலில் பட்டுக்கோட்டைச் சாலையில் போனால் வண்டியை நிறுத்தி ஆட்டுக்கு வழிவிட வேண்டியிருக்கும். சில மந்தைகள் லாரியில் ஏறிப் போகின்றன. யூரியா வந்தபோது கிடைக்கு மதிப்புக் குறைந்தது. இப்போது இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் தேடி வருவதால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்காக ஊரில் விட்டுவிட்டு, மனைவிமாரும் ஊரில் தங்கிவிடுவது அதிகமாகிவிட்டது.

செல்போன் வந்ததால் பாட்டு போயிற்று என்று சொல்கிறார்கள். பாதி நியாயம். எந்த ஊரில் இருக்கிறான் என்று தெரியாமல் பாடிய பாட்டுகள் இவை, இப்போது 'சாப்பிட்டியா' என்று நேராகவே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் எனக்குப் படுகிற காரணம் வேறு. பாடிய இடம் போய்விட்டது. இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்ற வயலில் இன்றைக்கு ஒரு நடவு இயந்திரம். களைக்கு மருந்து. நூறு நாள் வேலைத்தளத்தில் கூட்டம் உண்டு, ஆனால் கைக்குத் தாளம் இல்லை. முறைப்பெண்களின் துக்கம் குறைந்ததா என்றால், முறை கேட்கிற வழக்கமே இப்போது தளர்ந்திருப்பதால் அதன் வடிவம் மாறியிருக்கிறது என்றுதான் சொல்ல முடியும்.

எங்கள் அப்பத்தா இந்தப் பாட்டெல்லாம் பாடுவார். பதிவு செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது?

'சோகப் பாட்டு பாடுங்க அப்பத்தா' என்று தொடங்காதீர்கள். 'போய் வேலையைப் பாரு' என்பார். கையில் ஒரு வேலை இருக்கும்போது கேளுங்கள். புளி உடைக்கிறபோது, கீரை ஆய்கிறபோது. பாட்டைக் கேட்காமல் வழியைக் கேளுங்கள். எந்த மாதம் மந்தை கிளம்பும், எந்த ஊர் வழியாகப் போவார்கள், கூட யார் யார் போனார்கள். ஊர்ப்பெயர் சொல்லத் தொடங்கினால் பல நேரம் அதுவே பாட்டாக மாறும்.

கூட இன்னொரு கிழவியை உட்கார வையுங்கள். ஒருத்தி விட்ட கண்ணியை மற்றவள் எடுப்பாள், 'அப்படியில்ல அக்கா' என்று சண்டை வரும், அந்தச் சண்டையையும் பதிவு செய்யுங்கள். மகன்களும் மருமகள்களும் சுற்றி நிற்க வேண்டாம். ஒப்பாரியை நல்ல வீட்டுக்குள் பாட மாட்டார்கள், வற்புறுத்தக் கூடாது. ஊருணிக் கரைக்கோ கண்மாய்க் கரைக்கோ அழைத்துப் போனால் அவர்களாகவே தொடங்கலாம், தொடங்காமலும் இருக்கலாம்.

பாட்டு எந்த மாதத்துப் பாட்டு என்று கட்டாயம் குறித்து வையுங்கள். தையா, வைகாசியா, ஆடியா? பாடியவரின் பேரையோ பாட்டில் வருகிற மச்சானின் பேரையோ இணையத்தில் போடாதீர்கள். அந்த மச்சான் இன்னும் அடுத்த தெருவில் இருக்கக்கூடும், அவர் பேரப்பிள்ளைகள் உங்களோடு படிக்கக்கூடும்.